பிளாற்றினத்துக்கும் கபேன் பிடிக்குமாம்

வெள்ளவத்தையில் உயர்தர இரசாயனவியல் வகுப்பு எடுக்கிறேன். கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பொருளைப் பிரிக்கும் மின்பகுப்புப் பாடம் வந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

அமிலக் கரைசலில் ஐதரசனை வெளியேற்றுவதில் பிளாற்றின மின்வாய் கெட்டிக்காரன். அதே உலோகத்தைக் காரத்தில் வைத்தால் வேகம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். அமிலத்தில் புரோத்தன், அதாவது ஐதரசன் அயன், தயாராக இருக்கிறது; காரத்தில் முதலில் நீர் மூலக்கூறை உடைக்க வேண்டும்.

2020இல் வெளியான ஆய்வொன்றில் காரக் கரைசலில் கொஞ்சம் கபேன் சேர்த்தார்கள். தேநீரிலும் கோப்பியிலும் இருக்கும் அதே சாமான்தான். அது பிளாற்றினத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டதும் ஐதரசன் உருவாகும் வேகம் கூடியது. கபேன் போன்ற சேதனப் பொருள் படிந்தால், தாக்கத்தை வேகப்படுத்தும் ஊக்கி கெட்டுப்போகும் என்றுதானே வழக்கமாகப் படிப்பிக்கிறோம்? எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தலைகீழ்தான். மேற்பரப்பை ஒட்டியுள்ள நீர் மூலக்கூறுகளின் ஒழுங்கை அது மாற்றுகிறது என்பது சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

“டீச்சர், அப்ப பிளேன் டீயை ஊத்திப் பாப்பமா?” என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

சரி, கேள்வி நல்லது. ஆனால் தேயிலைச் சாயத்தில் கபேன் மட்டுமா இருக்கிறது? தனின் தொடங்கி எத்தனையோ கலந்திருக்கும். எங்கள் மேசையில் இருப்பதோ பென்சில் கரி மின்வாய். முதலில் பிளாற்றினக் கம்பி ஒன்று வாங்கிக்கொண்டு வா, தேயிலைச் செலவு என்னுடையது என்றேன்.