மூன்றாவது வார்ப்பில் நீந்திய டின் ஸ்க்விட்

ஒருவழியாக மீன் மாட்டிவிட்டது. அக்டோபர் கடைசி சனிக்கிழமை, விடிவதற்குச் சற்று முன், ரோட் ஐலண்டின் சார்ல்ஸ்டவுன் கடற்கரை. 33 அங்குல ஸ்ட்ரைப்பர், அதாவது உடலில் கோடுகள் ஓடும் பாஸ் மீன். நானே உருக்கி, நானே வார்த்து, நானே வளைத்த டின் ஸ்க்விட்டைத்தான் (இரைமீன் மாதிரி வெள்ளீயத்தில் வார்த்த தூண்டில் துண்டு) கவ்வியிருந்தது. 28 அங்குலத்துக்கும் 31க்கும் இடைப்பட்ட மீனைத்தான் இப்போது வைத்துக்கொள்ள முடியும் என்பதால், அளந்த கையோடு அலைக்குள் இறக்கி, வாலைப் பிடித்து ஆட்டி அனுப்பிவிட்டேன். கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு சீசன் காத்திருந்த மீன்.

இந்தப் பழைய பாணி மீன்பிடிப்புக்கு நான் வைத்திருக்கும் பழைய தூண்டில் கம்பையும், நரம்பைச் சுற்றும் பென் ஸ்க்விடர் ரீலையும் பற்றிப் போன தடவையே நிறைய எழுதிவிட்டேன். இந்தத் தடவை முழுக்க முழுக்க டின்தான். ரீலின் பெயரே அதிலிருந்து வந்ததுதானே. அலைக்குள் நின்று டின்னை வீசி இழுப்பதைத்தான் அந்தக் காலத்தில் ஸ்க்விட்டிங் என்றார்கள். அதற்கும் முன்னால் கம்பு, ரீல் எதுவுமே இல்லை. தார் பூசிய பருத்திக் கயிற்றை மணலில் சுருட்டி வைத்துவிட்டு, உலோகத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி எறிந்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்திருக்கிறார்கள். நம்மூரில் கைத்தூண்டில் வீசுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி என் தோல்விகள்.

முதல் வார்ப்புக்கு இணையத்தில் ஒருவரிடம் 'சுத்தமான டின்' என்று கட்டிகள் வாங்கினேன். உருக்குவதிலோ ஊற்றுவதிலோ எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் தண்ணீரில் போட்டால் கல்லாய்ப் போய் மணலில் உழுதது. வேகமாக இழுத்தால் மேலே வரும். அலை பின்வாங்கும் இடத்தில் சற்றே மெதுவாக்கினாலும் தரையைத் தொட்டுவிடும். வீசும் விதத்தில்தான் தப்பு என்று நினைத்து ஒரு கோடை முழுவதையும் வீணாக்கினேன்.

விடை அம்மாவிடமிருந்து வந்தது. தொலைபேசியில் புலம்பியபோது, "டின்னுன்னா என்னடா, வெள்ளீயமா? ரசம் வைக்கிற ஈயச்சொம்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வெள்ளைத்தாள்ல தேச்சுப் பாரு. கறுப்பாக் கோடு விழுந்தா காரீயம் கலந்திருக்கான். கும்பகோணத்துல சொம்பு வாங்குறப்ப உங்க பாட்டி அப்படித்தான் பார்ப்பாங்க."

தேய்த்தேன். பென்சில் கோடு மாதிரி விழுந்தது. தராசிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டு அவுன்ஸ் வரவேண்டிய அச்சில் இரண்டரை அவுன்ஸ் இருந்தது. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. ஒரே அச்சில் வார்த்தாலும் வெள்ளீயத் துண்டு காரீயத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக எடை நிற்கும். மெதுவாக இழுத்தாலும் தரைக்குப் போகாமல் நடுத்தண்ணீரில் நீந்துவது அதனால்தான். பழைய ஆட்கள் 'பிளாக் டின்' (block tin, கலப்பில்லாத வெள்ளீயக் கட்டி) என்று அடித்துச் சொன்னதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தக் கட்டிகள் இப்போது தூண்டில் குண்டாகின்றன. காசு திரும்ப வரவில்லை.

நல்ல வெள்ளீயத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. மெல்லிய கட்டியைக் காதருகே வைத்து வளைத்தால் உள்ளிருந்து 'கிரீச்' என்று சத்தம் வரும். உலோகத்துக்குள் இருக்கும் படிகங்கள் நகர்ந்து போடும் சத்தம் அது. காரீயம் நிறையக் கலந்திருந்தால் அது வராது. புதிதாக வாங்கிய கட்டி அழகாகக் கத்தியது.

இரண்டாவது வார்ப்பில் உலோகம் சரி, அச்சு தப்பு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை இரண்டு நாள் வெயிலில் வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். ஊற்றியவுடன் உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, உருகிய வெள்ளீயத்தைத் திருப்பித் துப்பியது. கண்ணாடியும் தோல் கையுறையும் போட்டிருந்ததால் தப்பித்தேன். கையுறையில் ஒரு சொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாக இறங்குபவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வையுங்கள்: அச்சில் துளி ஈரம்கூட இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் கராஜில், கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். சமையலறையில் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது தடவை அச்சை ஒரு பழைய 'அவன்' அடுப்பில் மணிக்கணக்காகக் காயவைத்தேன். மெழுகுவர்த்திப் புகையில் காட்டி உட்பக்கம் முழுக்கக் கரி பிடிக்கவிட்டேன். அச்சு சூடாக இருக்கும்போதே ஊற்றினேன். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் பெரிய அடுப்பு எதுவும் தேவையில்லை. ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து உருகவிட்ட வீடுகளுக்கு இது தெரியும்! தூண்டில் முள்ளின் காம்பை மட்டும் முன்கூட்டியே உப்புத்தாளால் தேய்த்து, ஃபிளக்ஸ் (உலோகம் ஒட்டிக்கொள்ள உதவும் பூச்சு) தடவி, வெள்ளீயம் பூசிவிட வேண்டும். இல்லையென்றால் உலோகம் முள்ளைப் பிடிக்காது. போன தடவை இரண்டு முள் கையோடு வந்துவிட்டன.

வெளியே வந்தது நான்கு அங்குலத் துண்டு. வயிற்றுப்பக்கம் படகின் அடிக்கட்டை மாதிரி ஒரு முதுகெலும்பு, மேல்பக்கம் தட்டை. சாம்பலை ஈரத்துணியில் தொட்டுத் துலக்கினால் நிலா மாதிரி பளபளக்கிறது. அந்தக் காலத்தில் அடுப்புச் சாம்பலையும் கரை மணலையும் வைத்துத்தான் துலக்கினார்களாம். பாலிஷ் பசையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். சாம்பல் தரும் அந்த மங்கலான வெள்ளை அதில் வரவில்லை.

ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் அது நீந்தவில்லை. நேராக, செத்த குச்சி மாதிரி வந்தது. பத்து நாள் விட்டு விட்டுப் போய் வீசினேன். பக்கத்தில் பிளாஸ்டிக் போட்டவர்களெல்லாம் மீன் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோளாறு வளைவில் இருந்தது. வெள்ளீயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அது கையால் வளையும் என்பதும் ஒரு காரணம். நான் வீட்டில், மேஜைமேல் வைத்து, ஒரே அளவில் வளைத்துக்கொண்டு போனேன். அதைக் கரையில் நின்று, அன்றைய தண்ணீரைப் பார்த்து வளைக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை அலை சிறியது, காற்று இல்லை. முதல் வீச்சில் ஆட்டமே இல்லை. முழங்காலில் வைத்து வால்பக்கத்தை ஒரு நூல் அளவு மேலே தூக்கினேன், கிரீச். இரண்டாவது வீச்சில் கம்பு நுனியில் லேசாக ஒரு துடிப்பு. இன்னும் ஒரு நூல், கிரீச். மூன்றாவது வீச்சில் நுனி விடாமல் 'டுக் டுக் டுக்' என்று அடிக்க ஆரம்பித்தது. காலடியில் இழுத்துப் பார்த்தேன். இடமும் வலமுமாக வாலை ஆட்டிக்கொண்டு வந்தது, சாட்சாத் சாண்ட் ஈல் (ஸ்ட்ரைப்பர் தின்னும் ஒல்லியான சின்ன மீன்). இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டு வளைத்தபோது பம்பரமாய்ச் சுற்றித் தூண்டில் நரம்பை முறுக்கிவிட்டது. மறுபடி அரை நூல் நிமிர்த்தினேன். ஆறாவது வீச்சில் மீன்.

பெரிய அலை, எதிர்க்காற்று என்றால் ஏறக்குறைய நேராகவே விட வேண்டும் என்பது இப்போதைக்கு என் கணிப்பு. தண்ணீரே அதை ஆட்டிவிடும். அடுத்த வடகிழக்குக் காற்றில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மீனைப் பார்த்த தூத்துக்குடி அண்ணன் (எங்கள் கரையில் என்னைத் தவிர இருக்கும் ஒரே தமிழர்) டின்னைக் கையில் வாங்கி, "எலே தம்பி, இது நம்ம ரசச்சொம்புல்லா!" என்றார். அவருக்கு ஒன்று வார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு குறை இருக்கிறது. ரீலில் ஓடுவது இன்னும் டேக்ரான் என்ற செயற்கை இழை நரம்புதான். அந்தக் காலத்து லினன் (ஆளி நார்) நரம்பு போட்டால்தான் இந்த வேலை முழுமையாகும். பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் கட்டிஹங்க் தீவில் 1864இல் தொடங்கிய மீன்பிடி கிளப்பின் ஆட்கள் பாறைகள்மேல் பலகை கட்டி நின்று பாஸ் பிடித்தார்கள். முறுக்கிய லினன் நரம்புக்குக் கட்டிஹங்க் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதை முறுக்கிய ஆஷவே கம்பெனி எங்கள் மாநிலத்திலேயே 1824இல் தொடங்கியது. பேட்மின்டன் ஆடுபவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ராக்கெட் நரம்பு செய்வதும் அவர்களே. நனைந்தால் வலுக்கூடும் நரம்பு லினன். ஓர் இழைக்கு மூன்று பவுண்டு கணக்கு, ஒன்பது இழை என்றால் 27. ஆனால் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடாவிட்டால் அழுகிவிடும். ஏலத்தில் எடுத்த பழைய உருளைகள் இரண்டும் கையால் இழுத்ததுமே நூல்கந்தையாய் அறுந்தன. மூன்றாவது உருளை வந்திருக்கிறது. முதல் முப்பது கஜத்தை அறுத்துப் போட்டுவிட்டு உள்பக்கத்தை நனைத்து, தொங்கு தராசில் இழுத்தேன். 19 பவுண்டு வரை தாங்கியது. 33 அங்குல மீனுக்குப் போதும். அதைவிடப் பெரியது வந்தால் ரீலை அழுத்திப் பிடிக்கும் கட்டைவிரல்தான் காப்பாற்ற வேண்டும்.

நான்காவது வார்ப்புக்கு அச்சு 'அவன்' அடுப்பில் இருக்கிறது. இந்தத் தடவை முள்ளை உள்ளே வைத்து வார்க்காமல் வளையத்தில் ஆடும்படி தொங்கவிடப் போகிறேன். ஏனென்றால் சனிக்கிழமை அந்த மீனுக்கு முன்னால் இன்னொன்று கவ்வி, தலையை இரண்டு உதறு உதறி, டின்னின் எடையையே நெம்புகோலாக்கிக் கழற்றிக்கொண்டு போனது. அது பெரிது.