புது டேட்டாசெட் ஒதுக்குமுன் போட வேண்டிய கணக்கு

3 மார்ச் 2025, திங்கள்

ஐ.பி.எம் மெயின்ஃபிரேமில் ஒரு டேட்டாசெட்டுக்கு, அதாவது கோப்புக்கு, இடம் ஒதுக்க வேண்டும். 80 பைட் ரெக்கார்டு, மொத்தம் ஒரு லட்சம். எத்தனை சிலிண்டர் கேட்பது? 3390 டிஸ்க்கில் ஒரு டிராக் 56,664 பைட், 15 டிராக் ஒரு சிலிண்டர். பிளாக் (ஒரே மூச்சில் எழுதும் ரெக்கார்டுக் கூட்டம்) சைஸும் 80 என்று போட்டால் ஒரு டிராக்கில் 78 ரெக்கார்டுதான் உட்காரும். பிளாக்குக்குப் பிளாக் விடும் இடைவெளியே மற்ற இடத்தைத் தின்றுவிடுகிறது. மொத்தம் 1,283 டிராக், 86 சிலிண்டர். பிளாக் சைஸ் 27,920 ஆனால் டிராக்குக்கு இரண்டு பிளாக், 698 ரெக்கார்டு. 144 டிராக், 10 சிலிண்டர் போதும். அதே டேட்டாதான்! 27,998-ஐத் தாண்டினால் டிராக்குக்கு ஒரே பிளாக், பாதி டிராக் வீண். மனக்கணக்கு வேண்டாமென்றால் பிளாக் சைஸில் 0 போடுங்கள், சிஸ்டமே சரியாகக் கணக்கிடும். பழைய ஜே.சி.எல்-லில் (ஜாப்பை ஓட்டும் கட்டளை வரிகளில்) 80 என்றோ 800 என்றோ கிடந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

4 மார்ச், செவ்வாய்

டேட்டாசெட் ஒதுக்கும் திரை, ஐ.எஸ்.பி.எஃப் மெனுவில் 3.2. முதலில் மாதிரி டேட்டாசெட்டின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டினால் அதன் விவரங்கள் வரும். பிறகு புதுப் பெயருடன், ஒதுக்கச் சொல்லும் 'ஏ' கட்டளை. பி.டி.எஸ் (பல மெம்பர்களை, அதாவது உள்கோப்புகளை, வைக்கும் டேட்டாசெட்) என்றால், மெம்பர் பட்டியல் இருக்கும் டைரக்டரி பிளாக்கைக் கவனியுங்கள். ஒரு பிளாக் 256 பைட், ஐ.எஸ்.பி.எஃப் புள்ளிவிவரத்தோடு சேமித்தால் ஆறு மெம்பருக்கு மேல் கொள்ளாது. 200 மெம்பருக்கு 34 பிளாக்காவது வேண்டும். 45 போடுவது நல்லது, 3390-இல் அது சரியாக ஒரு டிராக். டைரக்டரி நிறைந்துவிட்டால் பி14 அபெண்ட், ஜாப் பாதியில் நின்றுவிடும். பிறகு பெரிதாகப் புதிதாய் ஒதுக்கி, ஐ.இ.பி.காப்பி நிரலில் நகலெடுப்பதே வழி. டேட்டாசெட் வகையில் லைப்ரரி என்று கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

6 மார்ச், வியாழன்

இடம் போதாமல் டி37 அபெண்ட் வந்தால், செகண்டரி (முதலில் கேட்ட பிரைமரி இடம் தீர்ந்ததும் கூட்டிக்கொள்ளும் இடம்) கொடுக்கவில்லை என்று அர்த்தம். பி37 என்றால் 16 எக்ஸ்டென்டும் (தொடர்ச்சியான இடத் துண்டுகள்) தீர்ந்திருக்கும், அல்லது வால்யூமில், அதாவது அந்த டிஸ்க்கில், இடமில்லை. பிரைமரி, செகண்டரி (10,2) சிலிண்டர் என்றால் 10 + 15×2, ஆக 40 வரை போகலாம் என்று நினைக்கிறோம். ஆனால் துண்டு துண்டான வால்யூமில் பிரைமரியே ஐந்து எக்ஸ்டென்டாகப் பிரியலாம். மிச்சம் 11 தான், அப்போது 32. செகண்டரியும் உடைந்தால் இன்னும் குறையும். ஆகவே பிரைமரியைத் தாராளமாகக் கேட்டு, ஆர்.எல்.எஸ்.இ சேர்த்து விடுங்கள். எழுதி மூடும்போது மிச்சம் திரும்பிவிடும்.

7 மார்ச், வெள்ளி

டேட்டாசெட் ஒதுக்க மட்டும் ஓட்டும் ஐ.இ.எஃப்.பி.ஆர்.14 நிரல் ஃபைலைத் திறப்பதே இல்லை. அதனால் அந்த ஸ்டெப்பில் ஆர்.எல்.எஸ்.இ வேலை செய்யாது. எஸ்.எம்.எஸ் (சிஸ்டமே இடத்தை நிர்வகிக்கும் வசதி) இல்லாத வால்யூமில் கோப்பு முடிவுக் குறியும் விழாமல் போகலாம். உடனே படித்தால் அதே இடத்தில் முன்பிருந்த யாருடைய டேட்டாவோ வரும். முதலில் ஒரு தடவை எழுதத் திறந்து மூடிவிடுங்கள்.

இதே வால்யூம்களில் இன்னொரு ஆபத்து: அதே பெயர் வேறு வால்யூமில் ஏற்கெனவே கேட்டலாக்கில் (எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியலில்) ஏறியிருந்தால் 'நாட் கேட்லாக்ட் 2' என்று ஒரு வரி மட்டும் வரும். ரிட்டர்ன் கோடு 0. அடுத்த ஜாப் சத்தமில்லாமல் பழைய கோப்பைப் படிக்கும். ஜாப் முடிந்ததும் சிஸ்டம் மெசேஜ்களில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.