ஸ்பீக்கர் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம்
கம்மி பட்ஜெட்ல போர்ட்டபிள் ஸ்பீக்கர் தேடுறீங்கன்னா பெட்டி மேல பெருசா போட்டிருக்கற பிஎம்பிஓ வாட்ஸ (கண நேரத்துக்கு மட்டும்னு சொல்ற உச்ச பவர்) நம்பிடாதீங்க, ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்கற நிஜ பவர் எவ்ளோன்னு பாருங்க, அதுவும் 10 வாட்ட 20 ஆக்கினா 3 டெசிபல் தான் கூடும், காதுக்குக் கொஞ்சூண்டு வித்தியாசம் தான் தெரியும். ரெண்டு வாரமா கடை கடையா கேட்டுப் பாத்துட்டேன், சவுண்ட கம்மியா வச்சுக் கேக்கறப்போ தான் எது நல்ல ஸ்பீக்கர்னு பிடிபடுது, தபேலாவோட அந்த கும்முங்கற சத்தம் தனியா வரணும், பாடறவங்க மூச்சு இழுக்கறது கூட கேக்கணும். நீங்க நூறு தடவ கேட்டுப் பழகுன பாட்டையே போட்டுப் பாருங்க. ஆக்ஸ் பின், அதாவது ஆடியோ வயர் சொருகற ஓட்டை இருந்தா ரொம்ப நல்லது, ப்ளூடூத்ல படம் பாக்கறப்போ சில சமயம் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போகும், வயர்ல அந்தத் தொல்லையே இல்ல. கலர் லைட்டுக்கு குடுக்கற காச பேட்டரிக்கு குடுங்க.