கொடைக்கானலில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து விளையாட ஓர் இடம்

வீல்சேரில் இருக்கும் பிள்ளையோடு கொடைக்கானல் போகிறோம் என்றதும் சொந்தபந்தம் எல்லாரும் கேட்டது ஒன்றுதான், "அங்க ஒரே மேடும் பள்ளமுமா இருக்குமே, அவனை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" நியாயமான கேள்வி. பெரியவனுக்கு எட்டு வயது, பிறவியிலேயே மூளை முடக்குவாதம், கைகள் ஓரளவு பிடித்துக்கொள்ளும், கால்கள் ஒத்துழைக்காது. சின்னவளுக்கு ஐந்து வயது, ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள். தூண் பாறையும் பைன் காடும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், இவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே விளையாட்டை விளையாட அங்கே இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் போனேன்.

2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வளைவுகளில் இருவருக்குமே குமட்டும், நடுவில் இறங்கி காற்று வாங்கிவிட்டுப் போவது நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இவனைப் போன்ற குழந்தைகளுக்குக் குளிரில் தசைகள் இன்னும் இறுகிவிடும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதனால் காலையில் எழுந்ததும் கிளம்பாமல், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கால்களை மெதுவாக நீட்டி மடக்கி, இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டபிறகுதான் வெளியே கூட்டிப்போனோம்.

முதலில் போனது ஒரு சிறுவர் பூங்கா. எது என்று சொல்லத் தேவையில்லை, நம் ஊர்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. வாசலில் படிகள். பக்கத்தில் ஒரு சாய்தளம் இருந்தது, ஆனால் தள்ளிக்கொண்டு ஏறினால் எனக்கே மூச்சு வாங்குகிற அளவுக்குச் செங்குத்து. ஒரு அடி உயரம் ஏற குறைந்தது பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும் என்பது கட்டுமான விதி. மூன்றடி உயரப் படிக்கட்டுக்கு முப்பத்தாறு அடி, நடுவில் நின்று ஓய்வெடுக்கச் சமதளம் வேறு. சரி, எப்படியோ உள்ளே போய்விட்டோம், ஊஞ்சலைச் சுற்றிலும் மணல். சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. சின்னவள் சறுக்குமரத்தின் உச்சியில் நின்றுகொண்டு "அண்ணா, வா, வா" என்று கூப்பிடுகிறாள், இவன் கீழே இருந்து என் முகத்தைப் பார்க்கிறான். அந்தப் பார்வையைத் தாங்குவது சுலபம் இல்லை.

சாய்தளம் போட்டுவிட்டால் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான வசதி முடிந்தது என்று நினைக்கிறார்கள். உள்ளே நுழைய முடிவது வேறு, விளையாட முடிவது வேறு. சென்னை சாந்தோமில் மாநகராட்சிப் பூங்காவில் இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள், மெரினாவில் 2022இல் மரப்பாதை போட்டு வீல்சேரைக் கடலருகே கொண்டுபோக வழி செய்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்குமான விளையாட்டுத் திடல் என்றால் என்ன வேண்டும் என்பது ஒன்றும் ரகசியம் இல்லை: தரையோடு தரையாக இருக்கும் ராட்டினம், அதில் வீல்சேரை அப்படியே ஏற்றி நிறுத்தலாம், இரண்டு மூன்று பேர் படுத்துக்கொண்டே ஆடும் வலை ஊஞ்சல், மேசை உயரத்தில் மணல் தொட்டி, மணலுக்குப் பதிலாக ரப்பர் தரை. சத்தமும் கூட்டமும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் ஒதுங்கி உட்கார ஒரு மூலை. எட்டு வயதுப் பையனைப் படுக்கவைத்து உடை மாற்றும் அளவுக்கு ஒரு கழிப்பறை, இதை யாருமே யோசிப்பதில்லை, வெளியூர் போகும்போது நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

மறுநாள் காலை ஏரிக்குப் போனோம். அங்கேதான் எங்களுக்கு விடை கிடைத்தது. 1863இல் லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி இது, சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சாலை. ஏரியின் ஓரமாகவே போவதால் பெரும்பாலும் சமதளம், மலையூரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீல்சேர் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். சின்னவளுக்கு வாடகைக்கு ஒரு குட்டி சைக்கிள் எடுத்தோம். கடைக்கார அண்ணன் அவனையும் பார்த்துவிட்டு, "தம்பிக்கும் ஒரு பெல் மாட்டி விடுறேன்க்கா" என்று ஒரு பழைய சைக்கிள் மணியை வீல்சேர் கைப்பிடியில் கட்டிவிட்டார், காசு வாங்கவில்லை. அவ்வளவுதான், பந்தயம் ஆரம்பித்துவிட்டது. அப்பா தள்ள, இவன் மணியடித்துக்கொண்டே "ஓரம் போ, ஓரம் போ" என்று கத்த, அவள் மிதிக்க, பின்னால் நானும் அத்தையும் ஓட. குதிரைகள் போகிற சாலை, சாணியில் சக்கரம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. இவன் ஜெயித்தான், அவள் அழுதாள், மறுபடி ஓட்டினோம். தங்கையிடம் சண்டை போடும் வாய்ப்பு அவனுக்கு இப்படி வெளியிடத்தில் கிடைத்து நான் பார்த்ததே இல்லை!

பிரையண்ட் பூங்கா ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 1908இல் தொடங்கியது. புல்தரையில் போர்வை விரித்து அவனை இறக்கிவிட்டோம், இருவரும் உருண்டார்கள், பூவைவிட அதுதான் பிடித்திருந்தது. கோக்கர்ஸ் வாக்கும் போனோம், ஒரு கிலோமீட்டர் நடைபாதை, சரிவில் வீல்சேரைப் பின்பக்கமாக இறக்குவது பாதுகாப்பு.

அந்தப் பாதையில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. சமவெளியில் சறுக்குமரம் என்றால் ஏணி கட்டியாக வேண்டும், ஏணி வந்தால் இவனைப் போன்றவன் வெளியே நிற்க வேண்டும். மலையில் ஏணியே வேண்டாமே! மேட்டின் சரிவிலேயே சறுக்கைப் பதித்துவிட்டால், மேல் பாதையில் வீல்சேரைக் கொண்டுபோய் நிறுத்தி, பிள்ளையை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி உட்காரவைத்து, தங்கையை மடியில் சாய்த்து இருவரையும் ஒன்றாக விடலாம், கீழே இன்னொருவர் பிடித்துக்கொள்வார். வெளிநாடுகளில் பல பூங்காக்களில் இப்படித்தான் அமைக்கிறார்கள். மேடும் பள்ளமும்தான் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இருக்கிற வசதி, அதைக் குறை என்று சொல்லிச் சொல்லியே நாம் விட்டுவிட்டோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் எல்லாருக்கும் பயன்பட வேண்டும் என்கிறது, விளையாட்டுத் திடலும் பொது இடம்தானே. இதையெல்லாம் எழுதி, கையால் ஒரு படமும் வரைந்து, நகராட்சிக்கு மனுவாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களும் எழுதுங்கள், மனுக்கள் கூடினால்தான் பேச்சு எடுபடும்.

போகிறவர்களுக்கு: மே மாத மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் வீல்சேர் நகராது. வார நாளில், வெயில் வந்து குளிர் சற்று விட்டதும் ஏரிச் சாலைக்குப் போங்கள், மதியத்துக்கு மேல் வண்டிகள் அதிகம். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. அப்புறம், ஒரு சைக்கிள் மணி.