தெருமுனைகளைத் தேடுபொறியிடம் கேட்டறிதல்

நிலப்படத்தைத் திறக்காமல், தேடுபொறி தரும் முடிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் எந்தத் தெரு எந்தத் தெருவைச் சந்திக்கிறது என்று கண்டறிய முடியுமா என்னும் கேள்வி சில வாரங்களாக என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. கடைகள் முகவரி சொல்லும்போதும் விபத்துச் செய்திகள் இடத்தைக் குறிக்கும்போதும் இரண்டு தெருக்களின் பெயரைச் சேர்த்து எழுதுவது பல நகரங்களில் வழக்கம் என்பதால், ஓரளவுக்காவது முடியும் என்று தோன்றியது. விடையைச் சரிபார்ப்பது எளிது என்பதற்காக நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியை எடுத்துக்கொண்டேன். அங்கே 1811-ஆம் ஆண்டின் திட்டம் எண்ணிட்ட 12 அவென்யூக்களையும் 155 குறுக்குத் தெருக்களையும் வகுத்தது.

கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களை 1735-இல் ஆராய்ந்த கணிதவியலாளர் ஆய்லர் நிலப்பகுதிகளை முனைகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் கொண்டார். இப்படி முனைகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட அமைப்பே கோட்டுரு. எனக்கு வேண்டிய கோட்டுருவில் நீண்டு கிடக்கும் தெருவே ஒரு முனையாகச் சுருங்குகிறது. இரு தெருக்களின் சந்திப்பு கோடாகிறது. தெருமுனை என்று நாம் சொல்வது இங்கே முனையே அல்ல என்பதை மனம் ஏற்கச் சிறிது நேரம் பிடித்தது.

ஒவ்வொரு இணையையும் தனித்தனியே தேடுவது வீண் வேலை. 500 தெருக்கள் இருந்தால் 1,24,750 இணைகள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சந்திப்பதே இல்லை. ஆகவே ஒரு தெருவின் பெயரை நகரத்தின் பெயரோடு தேடி, முடிவுகளின் துணுக்குகளில் அதன் அருகே வரும் பிற தெருப்பெயர்களைத் திரட்டி, அந்த இணைகளை மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டு மீண்டும் தேடினேன். தேடுபொறி காட்டும் முடிவு எண்ணிக்கை ஒரு மதிப்பீடுதான் என்பதால், அதை எடைபோட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மேலும் பிராட்வே போன்ற புகழ்பெற்ற பெயர் எதனோடு சேர்ந்தாலும் எண்ணிக்கை பெரிதாகிவிடும். ஒவ்வொரு பெயரும் தனியே எத்தனை முறை வருகிறது என்பதைக் கணக்கில் கொண்டு இதைச் சரிக்கட்டலாம். சிலிபிராசி, விட்டானி என்னும் ஆய்வாளர்கள் சொற்களுக்கிடையிலான நெருக்கத்தை அளக்க 2007-இல் வெளியிட்ட முறையும் இத்தகையதே.

ஆனால் எண்ணிக்கையைவிடச் சொற்றொடரே அதிகம் சொல்கிறது என்பது என் முடிவு. எம்பயர் ஸ்டேட் கட்டடம் 5-ஆம் அவென்யூவில், 33-ஆம் தெருவுக்கும் 34-ஆம் தெருவுக்கும் இடையே இருக்கிறது. பெயர்கள் சேர்ந்து வருவதை மட்டும் எண்ணினால் 33-உம் 34-உம் நெருங்கிய உறவினர். உண்மையில் அவை ஒன்றையொன்று தொடாமல் இணையாக ஓடுபவை. 'முனையில்' என்ற பொருள் தரும் சொல் சந்திப்பைக் காட்டுகிறது. 'இடையே' என்பதோ, அவென்யூ அவ்விரு தெருக்களையும் சந்திக்கிறது என்பதோடு, அவை அடுத்தடுத்து வருகின்றன என்பதையும் தெரிவிக்கிறது. வெறும் சந்திப்புப் பட்டியலிலிருந்து கிடைக்காத இந்த வரிசைதான் கோட்டுருவை நிலப்படத்துக்கு அருகே கொண்டுவருகிறது.

எண்ணிட்ட தெருக்கள் தமக்குள் சந்திக்கமாட்டா என்று ஒரு விதியை எழுதிப் பிழைகளை வடிகட்டவும் முனைந்தேன். மன்ஹாட்டனின் கிரீனிச் வில்லேஜ் பகுதி அதைக் கவிழ்த்தது: அங்கே மேற்கு 4-ஆம் தெரு வளைந்து சென்று மேற்கு 10, 11, 12, 13-ஆம் தெருக்களைச் சந்திக்கிறது. முடிவுகள் சரியாகச் சொன்னதை நான்தான் பிழையென்று ஒதுக்கியிருந்தேன். வேவர்லி பிளேஸ் என்னும் தெரு தன்னையே சந்திக்கும் ஒரு முனையும் அப்பகுதியில் உண்டு. இரு வேறு தெருக்களின் இணைகளை மட்டும் குறித்துவந்த என் அட்டவணையில் அதற்கு இடமே இல்லை.

பெயர் மாற்றமும் தொல்லை. 6-ஆம் அவென்யூவுக்கு 1945-இல் 'அவென்யூ ஆஃப் தி அமெரிக்காஸ்' என்று பெயரிடப்பட்டாலும் பழைய பெயர் வழக்கொழியவில்லை. முன்கூட்டியே இணைக்காவிட்டால் ஒரே சாலை இரண்டு முனைகளாகிவிடும். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லாமல் மனைத்தொகுதிகளுக்கு எண்ணிடும் ஜப்பானிய நகரங்களில் இம்முறை தொடங்கவே தொடங்காது.

தேடலில் எதுவும் கிடைக்காத இணையின் கட்டத்தில், சந்திப்பு இல்லை என்னும் பொருளில், முதலில் சுழியம் இட்டு வந்தேன். கடையும் விபத்தும் இல்லாத அமைதியான குடியிருப்பு முனையைப் பற்றி யாரும் எழுத நேர்ந்திருக்காது என்பதால், இப்போது அக்கட்டத்தை வெறுமையாக விடுகிறேன். இரு தெருக்களும் இணையானவை என்று ஏதேனும் ஓர் 'இடையே' சொன்னால் மட்டுமே அங்கே சுழியம் எழுதுகிறேன்.