ரசீதின் அடியில் ஒரு 20 சென்ட்

என் வலைப்பூவின் டொமைனை, அதாவது அதன் இணைய முகவரிப் பெயரை, புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், ரசீதில் பெயரின் விலைக்குக் கீழே ‘ஐகேன் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். பல ஆண்டுகள் 18 அமெரிக்க சென்ட்டாக இருந்த அந்தத் தொகை 2025 ஜூலை முதல் 20 சென்ட் ஆகியிருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் ஒரு டீயின் விலைதான். ஆனால், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் இலாப நோக்கற்ற அமைப்பான ஐகேன், கோடிக்கணக்கான இத்தகைய சில்லறைகளைக் கொண்டுதான் பெரும்பாலும் நடக்கிறது.

ரசீதில் நாம் காணும் கட்டணம், நமக்குப் பெயரை விற்கும் பதிவாளர் நிறுவனம் ஐகேனுக்குக் கட்டுவது. காணாத கட்டணம் ஒன்றும் உண்டு. டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் வெரிசைன், ஒரு பெயருக்கு ஓராண்டுக்குச் சுமார் 25 சென்ட் வீதம் ஐகேனுக்குத் தருகிறது. ஆக, ஒரு டாட் காம் பெயரிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 45 சென்ட் போகிறது. டாட் இன் போன்ற நாட்டுப் பெயர்களுக்கு இக்கணக்கு இல்லை. அவற்றின் பதிவேட்டை வைத்திருக்கும் அமைப்புகள் விருப்பப்பட்டுக் கொடுப்பதே வரவு.

இது கட்டணமா, வரியா என்ற வழக்கு ஐகேனைவிட மூத்தது. 1995 செப்டம்பர் வரை இலவசமாக இருந்த பதிவுக்கு, நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டாண்டுக்கு 100 டாலர் வாங்கத் தொடங்கியது. அதில் 30 விழுக்காடு இணைய உள்கட்டமைப்புக்கென ஒரு நிதியில் சேர்ந்தது. நாடாளுமன்ற ஒப்புதலின்றி வாங்கிய அந்தப் பங்கு வரியே என்று 1998இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று கூற, நாடாளுமன்றம் பின்னர் அதற்கு ஒப்புதல் கொடுத்துச் சரிசெய்தது. அதே ஆண்டு பிறந்த ஐகேன், 1999இல் பெயருக்கு ஆண்டுக்கு 1 டாலர் என்று முன்மொழிந்தபோது ‘டொமைன் வரி’ என்று கிளம்பிய எதிர்ப்பில் அதைக் கைவிட நேர்ந்தது.

எனக்குள்ள உறுத்தல் தொகையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. மோசடிக்காக மொத்தமாக வாங்கி ஒரே மாதத்தில் கைவிடப்படும் பெயரும், நான் ஆண்டுக்கணக்கில் பேணும் பெயரும் ஐகேனின் வரவில் ஒன்றுதான். பதிவுகள் பெருகினால் கண்காணிப்பவரின் வருமானமும் பெருகும். ஆனாலும் அதே சில்லறை ஒருமுறை கடிவாளமாகவும் பயன்பட்டது. பதிந்த 5 நாட்களுக்குள் நீக்கினால் பணம் திரும்பும் என்ற சலுகையைப் பிடித்துக்கொண்டு, இலட்சக்கணக்கான பெயர்களை எடுப்பதும், விளம்பரப் பணம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுமாகச் சிலர் பிழைத்து வந்தனர். அளவுக்கு மீறிய நீக்கங்களுக்கும் 2008இல் 20 சென்ட் வசூலிக்க ஐகேன் முடிவு செய்தது. அடுத்த ஆண்டு விதியையும் இறுக்கவே, அந்தப் பிழைப்பு அநேகமாக நின்றுபோனது.

இம்முறை ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்தேன். கட்டணம் ஆண்டுக் கணக்கில் பெருகும் என்பதால், ரசீதின் அந்த வரியில் 1 டாலர் என்றிருந்தது.