கண்ணுக்குத் தெரியாத தீ

இன்று கப்பல் எஞ்சினியர் பயிற்சி வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "சார், மெத்தனால் தீப்பிடித்தால் எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. மெத்தனால் ஒரு வகை ஆல்கஹால், கப்பல்களுக்கு வந்திருக்கும் புதிய எரிபொருள். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, புகையும் பெரிதாக வராது. வெப்பக் கேமராவைத்தான் நம்ப வேண்டும்.

நான் எஞ்சின் ரூமில் தொழில் கற்றபோது எரிபொருள் என்றால் தார் மாதிரி கெட்டியான ஃபர்னஸ் ஆயில். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். சாதாரணக் கப்பல் எரிபொருளின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை, 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. மெத்தனாலுக்கோ சுமார் 11 டிகிரிதான். சென்னை வெயிலை விடுங்கள், ஊட்டியின் பகல் குளிரிலேயே ஒரு பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும்! அடுத்து வரப்போகும் அமோனியா இன்னொரு ரகம். அது சுலபத்தில் பற்றாது, ஆனால் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

இந்தப் புது எரிபொருள்களெல்லாம் எதற்கு? 2050 வாக்கில் கப்பல்களின் பசுமை இல்ல வாயு உமிழ்வு நிகர பூஜ்யம் ஆக வேண்டும் என்று ஐஎம்ஓ (ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு) 2023-ல் இலக்கு வைத்துவிட்டது. சரி, பயிற்சி? மெத்தனால் போன்ற சுலபத்தில் பற்றும் எரிபொருளில் ஓடும் கப்பல்களில் பொறுப்பான வேலைக்கான உயர்நிலைச் சான்றிதழ் வேண்டுமென்றால், அத்தகைய கப்பலில் ஒரு மாதக் கடல் பணியும் மூன்று முறை எரிபொருள் நிரப்பிய அனுபவமும் வேண்டும். அந்த மூன்று நிரப்பலில் இரண்டை சிமுலேட்டரில் முடிக்கலாம். மூன்றாவதுக்கு நிஜக் கப்பல்தான் வேண்டும். அதில் இடம் கிடைப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரும்பாடு.

கேள்வி கேட்டவன் அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டான்: "நான் ரிட்டயர் ஆகும்போது எதில் சார் கப்பல் ஓடும்?"

தெரியாது தம்பி என்றேன்.